வெள்ளரிக்காய் வரைந்த காலண்டர்

சிரிக்காதீங்க. அந்த வெள்ளரிக்காய நான் வரையலீங்க.

உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், கால் ஆடும். இந்தச் சேருல உக்காருங்க. பாஸ்போர்ட் சைசுதானுங்களே, கரண்டு வந்ததும் எடுத்துக் கையில குடுத்துத் தாட்டி உட்டுர்றேன். ஊருக்குப் புதுசுங்களா? அதான பாத்தேன். இந்த ஊருக்காரங்க யாரும் அந்தக் காலண்டரப் பாத்து இப்பச் சிரிக்கறதில்ல. சிரிச்சு முடிச்சுட்டாங்க.

போன வருசத்துக் காலண்டருங்க அது. தேதியெல்லாம் கிழிச்சாச்சு, அட்டை மட்டும் தொங்குது. ஏன் இன்னும் மாட்டி வெச்சிருக்கறீங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க. என்ற படம்ங்க அது. என்ற கடைல என்ற படம் தொங்காம வேற யாரு படம் தொங்கும்? அந்தப் பச்சைக் கிறுக்கல மட்டும் கையில மறைச்சுட்டுப் பாருங்க. பாத்தீங்களா? இப்பச் சொல்லுங்க, எப்படி இருக்குது?

இல்லீங்க, எந்திரிச்சுப் போயிப் பாருங்க. தூரத்துல இருந்து பாத்தாத் தெரியாது.

என்ற பேரு துளசிமணி. வெளிய போர்டுல சென்னியப்பன்னு போட்டிருக்கறது என்ற ஊட்டுக்காரரு. கல்யாணம், காதுகுத்து, சீரு, எல்லாத்துக்கும் அவருதான். இன்னிக்குக்கூட ஒரு கல்யாணத்துக்குத்தான் போயிருக்கறாரு. அவரு எடுக்கற படத்தப் பாத்தீங்கன்னா எல்லாரும் வரிசையா நிப்பாங்க, எல்லாரும் கேமராவப் பாப்பாங்க, எல்லாரு மூஞ்சியும் வெளுப்பா இருக்கும். தப்புச் சொல்லலீங்க. சோறு போடறது அதுதான். ஆனா அது படமுங்களா? அது ஆளு எண்ணிக்கை.

அவரு புதுக் கேமரா வாங்குனப்ப பழசு சும்மா கெடந்துது. அத எடுத்துட்டு நான் வெளிய கெளம்பிட்டனுங்க. முதல்ல சந்தைக்குப் போனேன். அப்புறம் சலூன். அங்க கண்ணாடில ஒருத்தரு மூஞ்சி முழுசா நொரையோட, பின்னால பெஞ்சுல காத்திருக்கறவங்க மூஞ்சியெல்லாம் துண்டு துண்டா. மாவு மில்லுல நிக்கற பொம்பளைங்க, புருவமெல்லாம் வெள்ளையா. இதெல்லாம் தெனமும் இருக்கறதுதானுங்க. எவனாச்சும் நின்னு பாத்திருக்கானா? என்ற ஊட்டுக்காரரே கேட்டாரு, "ஏன் துளசி, பஸ் ஸ்டாண்டு என்ன கல்யாணப் பொண்ணா, இத்தன படம் எடுக்கறே?" அப்படீன்னு. நான் சொன்னேன், "கல்யாணப் பொண்ணு ஒருநாளு அழகா இருப்பா மாமா. இது தெனமும் இருக்குது." அவருக்கு வெளங்கல.

படம்ங்கறது சும்மா அமுத்தறதில்லீங்க. எத உள்ள வெக்கோணும்ங்கறது யாரு வேணும்னாலும் சொல்லுவாங்க. எத வெட்டோணும்னு தெரியோணும். அதுலதான் இருக்குது எல்லாம். ஒரு படத்துக்குள்ள தேவையில்லாம ஒரு பிளாஸ்டிக் குடம் இருந்தாப் போதும், கண்ணு நேரா அங்கதான் போவும். மூஞ்சியப் பாக்காது, வெளிச்சத்தப் பாக்காது, குடத்தப் பாக்கும். அதனால நான் வெட்டீருவேன். இரக்கமே பாக்க மாட்டேன்.

மத்தபடி இருக்கறத இருக்கறபடி எடுக்கறவ நான். யாரையும் நில்லு, சிரின்னு சொல்ல மாட்டேன். டீக்கடைக்காரர்கிட்ட மட்டும் அந்த பாய்லரச் சித்த அக்கட்டால தள்ளி வெய்யுங்கன்னு சொன்னேன். அப்புறம் அங்க பெஞ்சுல உக்காந்திருந்த பெரியவர எந்திரிச்சு எதிர்ப்பக்கம் உக்காரச் சொன்னேன், வெளிச்சம் அங்கதான உழுவுது. அவரு கோவிச்சுட்டு டீயக் குடிக்காமயே போயிட்டாரு. ஒருக்கா பேக்கரி முன்னால கட்டியிருந்த பிறந்தநாள் ஃபிளெக்ஸ அவுக்கச் சொன்னேன், அதுல கொஞ்சம் சண்டையாயிப் போச்சு. அவ்வளவுதானுங்க. வேற யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்ல.

அந்தப் படத்துக்கு வர்றேன்.

பஸ் ஸ்டாண்டுல மருதாயின்னு ஒரு அக்கா. மருதாக்கா, மருதாக்கான்னுதான் எல்லாரும் கூப்புடுவோம். வெள்ளரிப் பிஞ்சு விக்கறவங்க. நாலாக் கீறி, உள்ள மொளகாப் பொடி உப்புத் தடவி, பஸ்ஸு சன்னல்ல நீட்டுவாங்க. கொய்யாக் காலத்துல கொய்யா. பழனி பஸ்ஸுல நீங்க வந்திருந்தீங்கன்னா கட்டாயம் உங்க சன்னலுக்கும் வந்திருப்பாங்க. இடுப்புல ஒரு செவப்புப் பிளாஸ்டிக் கூடை. செவப்புன்னா அப்படி ஒரு செவப்புங்க, பாத்தாலே கண்ணு கூசும்.

அன்னிக்குச் சாயங்காலம். பழனி பஸ்ஸு கெளம்பீருச்சு. யாரோ ஒருத்தரு காய வாங்கிட்டாரு, இன்னும் காசு குடுக்கல. மருதாக்கா பஸ்ஸுகூடவே நடையும் ஓட்டமுமா போறாங்க, கையத் தூக்கிட்டு. சன்னல் கம்பிக்கு வெளிய ஒரு கை. புழுதியெல்லாம் தங்கமாட்டம் பறக்குது. வெயிலு அவங்க ஒரு கன்னத்துல மட்டும் உழுந்து கெடக்குது. அமுத்திட்டேன்.

கடைக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கறேன். எல்லாமே இருக்குது. ஆனா கீழ அந்தக் கூடை. கண்ணு நேரா அதுக்குத்தான் போவுது. இடுப்புக்கு மேல வெச்சு வெட்டுனேன். அவ்வளவுதான், படம் எந்திரிச்சு நின்னுச்சு. சன்னலு, கம்பி, ஒரு கை மேல, ஒரு கை கீழ, அந்த மூஞ்சி. வேற ஒண்ணுமில்ல. இப்ப நீங்க அங்க பாத்தீங்களே, அதேதான். வெள்ளரிக்காய விட்டுட்டு.

எங்க ஊரு வியாபாரிங்க சங்கம் வருசா வருசம் காலண்டர் போடுவாங்க. கடைக்குக் கடை, ஊட்டுக்கு ஊடு குடுப்பாங்க. எப்பவும் முருகருதான். அந்த வருசம் என்ன ஆச்சுன்னா, பாதிப் பேரு மலைமேல முருகரப் போடோணும்னாங்க, பாதிப் பேரு ஊருக்குள்ள மாரியாத்தாளப் போடோணும்னாங்க. சண்டை முத்திப்போயி மீட்டிங்குல நாற்காலியத் தூக்கற அளவுக்குப் போயிருச்சு. சங்கத்துச் செயலாளரு முத்துரத்தினம்னு, பெயின்ட் கடை வெச்சிருக்கறாரு. தலையப் புடிச்சுட்டு இங்க வந்து உக்காந்தாரு, இப்ப நீங்க உக்காந்திருக்கற சேருலதான். என்ற ஊட்டுக்காரர்கிட்ட, "சென்னியப்பா, ரெண்டு சாமியும் ஒரே படத்துல வர்ற மாதிரி எதாச்சும் பண்ண முடியுமா?" அப்படீங்கறாரு.

நான் உள்ள இருந்து என்ற படத்த எடுத்துட்டு வந்து அவரு முன்னால வெச்சேன்.

"இதென்னம்மா, பஸ்ஸு?"

"நம்ம ஊருங்க."

"காலண்டர்ல சாமி இல்லாம எப்படிம்மா? காலைல எந்திரிச்சு எதப் பாக்கறது?"

"சாமி கும்புடறதுக்குக் கோயிலு இருக்குதுங்க. ஊரப் பாக்கறதுக்கு எங்க போவீங்க?"

சிரிச்சாரு. ஆனா படத்தக் கையில எடுத்துட்டுப் போனாரு. அடுத்த மீட்டிங்குக்கு என்னையும் வரச் சொன்னாங்க. அத்தன ஆம்பளைங்களுக்கு நடுவுல நான் ஒருத்தி. ஒருத்தரு சொல்றாரு, ஓரத்துல ஒரு சின்னப் புள்ளையாரு வெச்சரலாம்னு. இன்னொருத்தரு, சங்கத் தலைவரு மூஞ்சிய ஒரு வட்டத்துக்குள்ள போட்டு மேல வெக்கலாம்னு. நான் எந்திரிச்சு நின்னு சொன்னேன். "இந்தப் படத்துல ஒரு நூலு உள்ள வரக்கூடாது, ஒரு நூலு வெளிய போகக்கூடாது. இப்படியே போடறதுன்னாப் போடுங்க. இல்லீன்னா முருகரும் மாரியாத்தாளும் பேசித் தீத்துக்கட்டும்னு விட்டுருங்க." முருகரு பக்கம் மாரியாத்தாள ஒத்துக்காது, மாரியாத்தா பக்கம் முருகர ஒத்துக்காது. பஸ்ஸுக்கு எதிரி யாரும் இல்ல. போட்டுட்டாங்க.

தை மாசம் பூராவும் நான் தரையில நடக்கலீங்க. பேக்கரில தொங்குது, மருந்துக் கடைல தொங்குது, சலூன்ல அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்துலயே தொங்குது. மளிகைக்குப் போறமாதிரிப் போயி ஒவ்வொரு கடையா நின்னு பாத்துட்டு வருவேன். ஊருக்கு வந்த ஒரு காலேஜ் வாத்தியாரு கடை தேடி வந்து, "நீங்களா எடுத்தீங்க? ஏழ்மையை இவ்வளவு அழகா நான் பாத்ததே இல்லை"ன்னு சொன்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

மருதாக்காளுக்கு ஒண்ணு குடுத்தீங்களான்னு கேப்பீங்க. இல்லீங்க. தோணல. அவங்க ஊட்டுச் செவுத்துல ஆணி இருக்குதோ என்னமோ, யாருக்குத் தெரியும்.

ஒருநாளு மத்தியானம். நான் மட்டும்தான் கடைல. மருதாக்கா உள்ள வந்தாங்க. வந்து, அந்தச் செவப்புக் கூடைய எடுத்து இந்த டேபிள் மேல, இந்தக் கண்ணாடிக்கு மேல, டக்குனு வெச்சாங்க. எப்பவும் 'ஏனுங் அம்மிணி'ன்னு கூப்புடறவங்க. அன்னிக்கு வாயில ஒரு 'ங்க' இல்ல.

"இதென்ன?"

"கூடைக்கா."

"படத்துல எங்க?"

"எந்தப் படத்துல?"

"ஊரெல்லாம் தொங்குதே, அந்தப் படத்துல. என்ற கூடை எங்க?"

"வெட்டிட்டேன்க்கா. செவப்பு பாருங்க, கண்ண உறுத்துச்சு."

"என்ற கூடை உன்ற கண்ண உறுத்துச்சா?"

நான் நல்லவிதமாத்தான் சொன்னனுங்க. "அப்படி இல்லக்கா, படத்துக்குன்னு ஒரு அளவு இருக்குது. கூடைய வெட்டுனதுனாலதான் உங்க மூஞ்சி தெரியுது. எத்தன பேரு பாராட்டறாங்க தெரியுமா? காலேஜ் வாத்தியாரு வந்து…"

முடிக்க உடல. "நேத்து பழனி பஸ்ஸுல ஒரு அம்மா," அப்படீன்னாங்க. "பேக்கரி வாசல்ல நின்னு காப்பி குடிச்சுட்டு, அந்தப் படத்தப் பாத்துட்டு, என்னையும் பாத்துட்டு, பஸ்ஸுல ஏறுச்சு. சன்னல்ல நான் காய நீட்டறேன். காய வாங்கல. காச என்ற கையில வெச்சு, 'நீயே வெச்சுக்கோ, பாவம்'னு சொல்லுச்சு. என்னையப் பாவம்னு சொல்லுச்சு. திருப்பிக் குடுக்கறதுக்குள்ள பஸ்ஸு போயிருச்சு. என்ற புருசன் போனதுக்கப்புறம் ரெண்டு புள்ளைங்களக் கட்டிக் குடுத்திருக்கறேன். ஒருநாளு, ஒருத்தர்கிட்ட, சும்மா கை நீட்டுனதில்ல. நீ நீட்ட வெச்சுட்டே."

"நான் நீட்ட வெக்கலக்கா. நீங்கதான் நீட்டுனீங்க. நான் எடுத்தேன்."

"வித்த காசுக்கு நீட்டுனேன்."

"அது எனக்குத் தெரியும்க்கா."

"படத்துக்குத் தெரியுமா?"

இப்படிக் கேட்டா என்னத்தச் சொல்றதுங்க? படத்தப் பத்தி ஒண்ணும் தெரியாதவங்ககிட்டப் படத்த எப்படிப் புரிய வெக்கறது? நான் சொன்னேன், "அந்தம்மாவுக்கு நல்ல மனசு, அதான் குடுத்திருக்குது. அதுக்குப் போயி…" மருதாக்கா என்னைய ஒரு பார்வை பாத்தாங்க. கூடைய எடுத்து இடுப்புல வெச்சுட்டு, "எல்லாத்தையும் கழட்டச் சொல்லு"ன்னாங்க.

"கழட்ட மாட்டேன்."

"மாட்டே?"

"மாட்டேன்க்கா. சங்கத்துல அத்தன பேருகிட்டச் சண்டை போட்டுக் கொண்டாந்த படம். ஒரு நூலு மாத்த மாட்டேன்."

போயிட்டாங்க. நானும் அதோட முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன்.

நாலஞ்சு நாளு கழிச்சு பேக்கரிக்குப் போறேன், தேங்காப் பன்னு வாங்க. காலண்டரப் பாக்கறேன். மருதாக்கா கையில ஒரு வெள்ளரிக்காய். பச்சை ஸ்கெட்ச் பேனாவுல. நாலாக் கீறுன மாதிரி மேல கோடு வேற. எனக்குத் தலை சுத்திருச்சுங்க. மருந்துக் கடைக்கு ஓடுனேன், அங்கயும் வெள்ளரிக்காய். சலூன்ல வெள்ளரிக்காய். பெயின்ட் கடைல, செயலாளரு தலைக்கு மேலயே, வெள்ளரிக்காய். ஒரு எடத்துல கொய்யாப்பழம்ங்க!

மருதாக்கா கடை கடையாப் போயி, "காலண்டரக் கொஞ்சம் எறக்கித் தாங்க சாமி"ன்னு கேட்டிருக்கறாங்க. எல்லாரும் எறக்கித் தந்திருக்கறாங்க. ஒருத்தரு, ஒருத்தராச்சும், இது துளசிமணி எடுத்த படமாச்சே, அதுல கிறுக்கலாமான்னு கேட்டிருக்கோணுமில்ல? கேக்கல.

நான் உடுவனா? சங்கத்துல மிச்சமிருந்த காலண்டரையெல்லாம் எடுத்துட்டு நானும் கடை கடையாப் போனேன். கிறுக்குனத எறக்கிட்டுப் புதுசு மாட்டுனேன். அடுத்த வாரம் போயிப் பாத்தா அதுலயும் வெள்ளரிக்காய். மறுக்கா மாத்துனேன். மறுக்கா வரைஞ்சாங்க. வரவர அவங்க வெள்ளரிக்காயும் கொஞ்சம் தேறித்தான் வந்துச்சு, அதையும் சொல்லோணும். கடைசில பேக்கரிக்காரரு என்ற கையப் புடிச்சுட்டாரு. "இதே இருக்கட்டும்ங்க. வர்றவங்க பாத்துட்டுச் சிரிக்கறாங்க. வெள்ளரிக்காய் எங்க கெடைக்கும்னு வேற கேக்கறாங்க. மருதாக்காளுக்கும் யாவாரம் ஆவுது."

"உங்க கேக்கு மேல நான் வந்து எதாச்சும் கிறுக்குனா உடுவீங்களா?"

"கேக்குன்னாலே மேல கிறுக்கறதுதானுங்களே," அப்படீங்கறாரு. இவங்ககூடவெல்லாம் என்ன பேசறது?

சரி, ஊருதான் இப்படி. என்ற கடைல இருக்கறது பத்தரமா இருக்குதேன்னு வந்தேன். வந்து பாக்கறேன், இதோ, இது. நீங்க பாத்துச் சிரிச்சீங்களே, இதேதான். என்ற கடைல! என்ற ஊட்டுக்காரரு இந்தா இங்க உக்காந்து கல்யாண ஆல்பத்துக்குப் பசை தடவிட்டு இருக்கறாரு.

"யாரு வந்தா?"

"மருதாயி வந்துச்சு."

"வந்து?"

"வரைஞ்சுட்டுப் போச்சு."

"நீங்க இருக்கறப்பவா? பேனா எங்கிருந்து வந்துது?"

தலையே தூக்கலீங்க. "நான்தான் குடுத்தேன்"னாரு.

"ஏனுங்க மாமா!"

"எனக்கும் இத்தன நாளா வெளங்கவே இல்ல துளசி. அந்தக் கை எதுக்குத் தூக்கியிருக்குதுன்னு. இப்ப வெளங்குது."

ரெண்டு நாளு அவருகூடப் பேசல நான். நெகத்துல சொரண்டிப் பாத்தேன், எச்சில் தொட்டுத் தேச்சுப் பாத்தேன், போகல. அப்படியே விட்டுட்டேன். ஆனா கழட்டல. கழட்டுனா நான் தோத்த மாதிரி ஆயிருமில்லீங்க?

மூணாவது நாளு கேமராவ எடுத்து மாட்டிட்டு நேராப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். எதுக்குக் கேமரான்னு கேக்காதீங்க, சண்டைக்குப் போறப்பக்கூட அது இல்லாம எனக்குக் கை ஓடாது. நல்ல உச்சி வெயிலு. மருதாக்கா அவங்க எடத்துல, பஸ்ஸு நிக்கற தளத்துக்குப் பக்கத்துல ஒரு இரும்புக் கம்பம் இருக்குது, அங்க நின்னு காய அடுக்கிட்டு இருந்தாங்க.

"ஏனுங்கக்கா, ஒருத்தரு செஞ்ச வேலைய இன்னொருத்தரு கெடுக்கலாமா?" அப்படீன்னு கேட்டேன்.

"நானும் அதைத்தான் உன்னையக் கேட்டேன்"னாங்க.

"நான் எதக் கெடுத்தேன்?"

காய அடுக்கறத நிறுத்தல. "சரி, எடு"ன்னாங்க.

"எத?"

"படம். இப்ப எடு. என்னைய எடு. ஆனா நான் சொல்ற மாதிரி எடுக்கோணும்."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஆனா பஸ் ஸ்டாண்டு பூராவும் எங்க ரெண்டு பேரையும்தான் பாத்துட்டு இருக்குது. முடியாதுன்னு சொன்னா, ஓஹோ இவளுக்கு எடுக்கத் தெரியலையாட்டம் இருக்குதுன்னு நெனைக்க மாட்டாங்களா? சரி சொல்லுங்கன்னேன்.

அப்புறம் பாக்கோணுமே அந்தம்மா பண்ணுன அதிகாரத்த! கூடைய முன்னால வெச்சாங்க. காயெல்லாம் ஒரே பக்கம் தலை வெச்சு அடுக்குனாங்க. பழனி பஸ்ஸு வந்து நின்னுது. டிரைவரையும் கண்டக்டரையும் கூப்புட்டு அந்தப் பக்கம் ஒருத்தரு, இந்தப் பக்கம் ஒருத்தருன்னு நிக்க வெச்சாங்க. கண்டக்டரு நேரமாச்சுங்கறாரு. "நில்லுங்க தம்பி, இத்தன வருசமா உங்க பஸ்ஸுக்கு நான் ஓடியிருக்கறேன், ஒருநாளு எனக்கு உங்க பஸ்ஸு நிக்கட்டும்"னாங்க. பஸ்ஸுல இருந்தவங்க மொதல்ல முணுமுணுத்தாங்க, அப்புறம் படம்னு தெரிஞ்சதும் சன்னலுக்குச் சன்னல் தலைய நீட்டிட்டாங்க. மருதாக்கா சேலை முந்தானைய இழுத்துச் சொருகிட்டு, கைய ரெண்டையும் கட்டிட்டு, நேரா என்னையப் பாத்து நின்னாங்க. சிரிக்கவும் இல்ல.

என்ற பொழப்புல இத்தன மோசமான படம் எடுத்ததில்லீங்க. வெயிலு தலைக்கு மேல, கண்ணெல்லாம் குழி. எல்லாரும் வரிசை. நடுவுல அந்தச் செவப்புக் கூடை. இது பத்தாதுன்னு அந்த இரும்புக் கம்பம் நேரா அவங்க தலைல இருந்து மொளைச்ச மாதிரி நிக்குது.

"அக்கா, ஒரே ஒரு அடி வலது பக்கம் நகருங்க. கம்பம் தலைக்குப் பின்னால வருது."

"வந்தா வரட்டும்."

"படம் கெட்டுப் போயிரும்க்கா."

"நகர மாட்டேன். இது என்ற எடம். நீ எடுக்கறதுன்னா எடு. இல்லீன்னாப் போ."

என்ன பிடிவாதம் பாருங்க. எடுத்துச் சொன்னாக் கேக்கோணும்ங்கற எண்ணமே கெடையாது. நானெல்லாம் ஒருநாளும் அப்படிப் பேசுனதில்ல.

அமுத்துனேன். பஸ் ஸ்டாண்டே கை தட்டுச்சு. பஸ்ஸு போயிருச்சு. மருதாக்கா கூடைல இருந்து ஒரு பிஞ்ச எடுத்து, கீறி, பொடி தடவி என்ற கையில குடுத்தாங்க. நான் காசு எடுத்தேன். வாங்கிட்டாங்க. மிச்சமும் எண்ணிக் குடுத்தாங்க.

அதோட போயிருந்தாப் பரவால்லீங்க. இந்த வருசக் காலண்டருக்கு முத்துரத்தினம் மறுக்கா வந்தாரு. நான் அந்தச் சலூன் படத்த எடுத்து நீட்டறேன். கண்ணாடிப் படம், எத்தன நாளு காத்திருந்து எடுத்தது! அவரு அதத் தொடவே இல்ல. "மருதாயி நிக்கற படம் ஒண்ணு எடுத்தீங்களாமே?"ன்னாரு.

"அது நல்லாருக்காதுங்க."

"காட்டும்மா."

காட்டுனேன். ஒருத்தரு ரெண்டு பேரு இல்ல, முருகரு பக்கம், மாரியாத்தா பக்கம் எல்லாரும் வந்து பாத்தாங்க. இதையே போடுன்னுட்டாங்க. நான் எவ்வளவோ சொன்னேன். இதுல என்ற வேலை ஒண்ணுமே இல்ல, இதுக்கு என்ற பேரப் போடாதீங்கன்னேன். சரின்னுட்டாங்க. அதுக்கும் மறுப்புச் சொல்லல, அதுதான் எனக்கு ஆத்தரம்.

பேரு இல்லீன்னாலும் என்ற கடைல இருந்து போற படமாச்சேன்னு கம்ப்யூட்டர்ல உக்காந்தேன். மூஞ்சில இருந்த இருட்டக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்தேன். கண்ணு தெரிஞ்சுது. கூடைய வெட்டலீங்க, அதுல கைய வெக்கல. ஆனா அந்தக் கம்பத்தப் பாக்கப் பாக்கப் பொறுக்கல. மெதுவா அதத் தொடைச்சு எடுத்துட்டேன். பின்னால நிக்கற பஸ்ஸோட பச்சை நெறத்த இழுத்து அந்த எடத்த மூடுனேன். நீங்க இல்ல, என்ற ஊட்டுக்காரரே கண்டுபுடிக்க முடியாது. அவ்வளவு சுத்தமா எடுத்தேன். அப்பத்தான் அது ஒரு படமாட்டம் ஆச்சு.

அச்சுக்குப் போறதுக்கு முந்துன நாளு, படத்த வந்து பாருன்னு என்ற ஊட்டுக்காரரு போயிச் சொல்லியிருப்பாரு போல, மருதாக்கா வந்தாங்க. கையத் தொடைச்சுட்டுக் கம்ப்யூட்டருக்கு முன்னால நின்னாங்க. கூடையப் பாத்தாங்க. டிரைவரப் பாத்தாங்க. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம், அசந்து போயிட்டாங்கன்னு.

"கம்பம் எங்க?"ன்னாங்க.

"எந்தக் கம்பம்க்கா?"

"என்ற கம்பம்."

"அது பஸ் ஸ்டாண்டுக் கம்பம்க்கா. தலைல மொளைச்ச மாதிரி இருந்துச்சு. எடுத்துட்டேன்."

இந்தத் தடவ கோவிக்கலீங்க. கோவிச்சிருந்தா நான் பதில் பேசியிருப்பேன். மெதுவாத்தான் சொன்னாங்க. "கோடை வந்துட்டா மத்தியான வெயிலுக்கு அதுலதான் அம்மிணி ஒரு பழஞ்சேலையக் கட்டி அந்தப்பக்கம் இழுத்து உடுவேன். என்ற மூத்தவளுக்கு அதுலதான் தூளி கட்டுனேன். அந்தக் கம்பம் இல்லாம அந்த எடத்துல நான் எதுக்கு நிக்கறேன்?"

நான் சொன்னேன், படத்துல சேலையும் இல்ல, தூளியும் இல்ல, வெறும் கம்பம்தான் இருக்குது, பாக்கறவங்களுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்னு. இன்னொண்ணும் சொன்னேன். கம்பத்த வெச்சா ஊரே பாத்துச் சிரிக்கும்னு. "சிரிக்கட்டும்"னாங்க. நான் அவங்களப் பாத்தேன். அவங்க திரையவே பாத்துட்டு இருந்தாங்க.

திருப்பி வெச்சனுங்க. அவங்க சொன்னதுக்காக இல்ல. பயந்துட்டும் இல்ல. அந்த ஓரத்துல பஸ்ஸு பச்சை கொஞ்சம் கலைஞ்ச மாதிரி எனக்கே தெரிஞ்சுது, அதனாலதான். வேலைன்னா சுத்தமா இருக்கோணுமில்லீங்க.

கம்பம் வந்துது. அதே எடத்துல, தலைக்கு நேரா மேல, அதே அசிங்கமா. மருதாக்கா வெரல நீட்டித் திரையில அதத் தொட்டாங்க. மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு தடவு தடவுனாங்க. ஒரு பெருமூச்சு உட்டாங்க.

"இப்பத்தான் அம்மிணி நெழலு வந்துச்சு"ன்னாங்க.

சொல்லிட்டுக் கூடைய எடுத்துட்டுப் போயிட்டாங்க, பழனி பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு. அந்தக் காலண்டரு இப்ப ஊரெல்லாம் தொங்குது, எங்க ஊட்டுச் சமையக்கட்டுலயும் தொங்குது, என்ற ஊட்டுக்காரரு மாட்டுனது. தெனமும் தேதி கிழிக்கறப்பப் பாக்கறேன். கிட்டப் போயிப் பாத்துட்டேன், தள்ளி நின்னும் பாத்துட்டேன். வெளிச்சம்னா என்ன, நெழலுன்னா என்னன்னு இந்த ஊருல என்னைய விட யாருக்குங்க தெரியும்? நல்ல உச்சி வெயிலு. அந்தப் படத்துல ஒரு பொட்டு நெழலு கெடையாதுங்க.